பின்மண்டையில் நான்கு விரல்கடை

காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை என் மகனின் பின்தலையில் ஹேர்பின் குத்துவது. டீ போடுவதுகூட அதற்கப்புறம்தான். அவன் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து தரையில் உட்காருவான். நான் அவனுக்குப் பின்னால் முக்காலியில் உட்காருவேன். கழுத்தில் தொங்குகிற முடியைச் சீப்பால் மேலே வாரி, உள்பக்கமாக மடக்கி, கறுப்பு ஹேர்பின் குத்தி, மேல் முடியை அதன்மேல் படிய விட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு முடி வெட்டிய தலை மாதிரியே தெரிய வேண்டும். சட்டைக் காலரில் முடி பட்டால் அவன் கடை மேனேஜர் சும்மா விடமாட்டார்.

எனக்குப் பெண் பிள்ளை கிடையாது. ஜடை பின்னிவிட்டுப் பழக்கமில்லை. மீசை வைத்த பிள்ளைக்கு இந்த வயதில் கொண்டை போடுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பொதுவாகவே நான் யாரிடமும் எதுவும் சொல்கிறவள் இல்லை. அஞ்சாவது வரைக்கும் படித்தேன், அங்கேயும் டீச்சர் கேட்டால் தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் நின்றிருக்கிறேன்.

இது அவன் இரண்டாவது தடவையாக வளர்க்கிற முடி. முதல் தடவை வளர்த்தது என்ன ஆனது என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

என் மகனுக்கு முப்பத்தைந்து வயதாகிறது. தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேன். அந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு, அது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. புடவை வாங்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இவன் வெள்ளைத்துணி விரித்த மெத்தைமேல் உட்கார்ந்து புடவையைப் பிரித்துக் காட்ட வேண்டும். முந்தானையைக் காட்டக் குனிய வேண்டும். மடிக்கும்போதும் குனிய வேண்டும். நாள் முழுக்க அவனுடைய உச்சந்தலை அவர்கள் கண்ணுக்கு நேராக இருக்கும். மேலே மின்விசிறி வேறு. பக்கத்தில் இருக்கிற முடியை இழுத்துவந்து முன்னந்தலையை மூடியிருப்பான், அந்தக் காற்றில் அது எழுந்து நின்றுகொள்ளும்.

ஒரு நாள் கல்யாணப் புடவை எடுக்க வந்த பெண் ஒருத்தி, "அங்கிள், அந்த மாம்பழ பார்டரைக் காட்டுங்க" என்றாளாம். அவளுக்கு இவனைவிட நாலைந்து வயதுதான் குறைவாக இருக்கும். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்றைக்குச் சோறு பாதி தட்டிலேயே கிடந்தது.

பெண் பார்க்கப் போன இடங்களிலும் அப்படித்தான். போட்டோவில் பிடித்திருக்கும், நேரில் போனால் காபியோடு முடிந்துவிடும். கடைசியாகப் போன இடத்தில் பெண்ணின் பாட்டி என்னைப் பார்த்து, "மாப்ள வர்லியா? மாமனாரு மட்டுந்தான் வந்துகீறாரா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கிழவிக்குக் கண் மங்கல். ஆனாலும் கேட்டது கேட்டதுதானே. ஆட்டோவில் திரும்பி வரும்போது முன்முடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். மந்தைவெளி வந்ததும், "நான் முடி நட்டுக்கப் போறேம்மா" என்றான்.

நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது. அவனுக்குக் கல்யாணம் ஆகவேண்டுமே என்று யோசித்து யோசித்து எனக்குள் ஏதோ தேய்ந்துபோயிருந்தது.

தேனாம்பேட்டையில் மாடிமேல் இருக்கிற ஒரு கிளினிக். சிநேகிதர்களைக் கூட்டிப்போக வெட்கப்பட்டு என்னைக் கூட்டிப்போனான். டாக்டர் அவன் தலையில் ஒரு சின்ன விளக்கை வைத்து டி.வி.யில் காட்டினார். என் பிள்ளையின் தலை அவ்வளவு பெரிதாக, புல் முளைத்த தரை மாதிரி தெரிந்தது. பின்பக்கம் அடர்த்தி, முன்பக்கம் வெறும் தரை.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் டாக்டர். "ஒண்ணு, தலை முழுக்க ஒட்ட வெட்டிட்டு, பின்னாடியிருந்து ஒவ்வொரு வேரா எடுத்து முன்னாடி நடறது. இன்னொண்ணு, பின்மண்டையில பட்டையா கொஞ்சம் தோல் எடுத்து, அந்த எடத்தைத் தைச்சிட்டு, எடுத்த தோல்ல இருக்கற வேரைப் பிரிச்சு நடறது."

"வெளிய தெரியக் கூடாது சார்" என்றான் மகன். "கடையில ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது."

"அப்போ ரெண்டாவதுதான். ஆனா பின்னாடி முடி நீளமா இருக்கணும். தையல்மேல முடி விழுந்து மூடணும் இல்லையா? இப்போ நீங்க ஒட்ட வெட்டியிருக்கீங்க. இப்படியே செஞ்சா தையல் பளிச்சுன்னு தெரியும்." தன் கையை நீட்டி நான்கு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். "இவ்ளோ வேணும். அதுவரைக்கும் பின்னாடி கத்தரிக்கோல் படக் கூடாது."

அவர் எங்கள் இரண்டு பேருக்கும்தான் சொன்னார். ஆனால் என் கையைப் பார்த்துச் சொன்ன மாதிரி எனக்கு இருந்தது. வெளியே வரும்போது நானும் நான்கு விரலைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன்.

தேதி குறிக்கிற இடத்தில் ஒரு சிஸ்டர் இருந்தாள். சின்னப் பெண், சிரித்த முகம். "வீட்ல மொட்டை அடிக்கற வேண்டுதல் எதுனா இருக்கா சார்? பழனி, திருப்பதி? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. முன்னாடி அடிச்சா வளர்ற வரைக்கும் ஆபரேஷன் தள்ளிப் போயிடும். அப்புறம் அடிக்கவே கூடாது, பல மாசத்துக்குத் தலையில கத்தி படக் கூடாது."

"எதுவும் இல்ல சிஸ்டர்."

"வயசானவங்க யாராச்சும் சீரியஸா? தப்பா எடுத்துக்காதீங்க. காரியம் கீரியம்னு வந்துட்டா கஷ்டம், அதான் எல்லார்கிட்டயும் கேக்கறோம்."

"யாரும் இல்ல."

நான் வாயைத் திறந்தேன். "அவுங்க பெரியப்பாவுக்கு…" என்றேன். ஏ.சி. சத்தத்தில் அது சிஸ்டர் காதில் விழவில்லை. மகன் காதில் விழுந்துவிட்டது.

படியிறங்கும்போது, "இன்னாத்துக்கும்மா அத்த அங்க சொல்ற?" என்றான்.

"கேட்டாங்களே நைனா."

"பெரிப்பா நல்லாத்தான் கீறாரு."

அவர் நல்லா இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு அண்ணன் அவர், எனக்கு மச்சாண்டார். முன்பு நாங்கள் எல்லோரும் அடையாற்றங்கரையில் பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் இருந்தோம். அவர் மீன்பாடி வண்டி ஓட்டினார். அந்த மூன்று சக்கர வண்டியில் காலையில் சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் என் மகனை ஏற்றிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அப்புறம் ஆற்றோரத்தைக் காலி பண்ணச் சொன்னபோது அவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் நாலாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். நாங்கள் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்துவிட்டோம். பெரும்பாக்கத்தில் ஏற்ற சரக்கும் இல்லை, வண்டி நிறுத்த இடமும் இல்லை. மழையில் நனைந்து வண்டி துருப்பிடித்தது. அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, அது நுரையீரல் நோயாகி, பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குப் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்க வேண்டியவன் என் மகன். கொள்ளி வைக்கிறவன் தலையை மழித்து மீசையை எடுக்க வேண்டும். எங்களில் அது யாரும் பேசி முடிவு செய்ததில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. ஆகையால் கணக்கு சுலபமாக இருந்தது. அவர் எப்போது போகிறாரோ அப்போது இவன் தலை மொட்டை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் இறந்தபோது என் மகன் ரெண்டாவது படித்துக்கொண்டிருந்தான். சுடுகாட்டில் கத்தியைப் பார்த்ததும் அலறிவிட்டானாம். பிடித்து உட்காரவைத்தால் உதறிக்கொண்டு ஓடினானாம். தம்பிக்காக அண்ணன் மொட்டை அடிக்கிற வழக்கம் எங்களில் இல்லை, அது ஆகாது என்பார்கள். ஆனால் என் மச்சாண்டார் பலகையில் முதலில் போய் உட்கார்ந்து, "டேய், பாரு, வலிக்குதா? எனக்கு வலிக்குதா பாரு" என்று தன் தலையை மழிக்கச் சொன்னாராம். பங்காளிகள் திட்டினார்களாம். அன்றைக்குப் பெரிய தலை ஒன்றும் சின்னத் தலை ஒன்றுமாக இரண்டு மொட்டை வீட்டுக்குத் திரும்பி வந்தது. நான் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவரிடம் நான் நேருக்கு நேர் நின்று பேசியதே இல்லை. மச்சாண்டார் இருக்கிற அறைக்குள் நான் போகமாட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று அக்காவிடம், அவருடைய மனைவியிடம், சொல்வேன். அக்கா அவரிடம் சொல்வார்.

முடி வளர ஆரம்பித்தது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் காதைத் தாண்டி வந்தது, அப்புறம் கழுத்தில் விழுந்தது. எங்கள் தெருமுனை சலூன்காரர், "இன்னா தலைவா, கடைப்பக்கமே காணோம்? என்மேல கோவமா?" என்று கேட்டதிலிருந்து மகன் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போனான். கடை மேனேஜர் கத்தரிக்கோலைக் காட்டி, "நீ வெட்றியா, நான் வெட்டவா?" என்றாராம். அன்றைக்குத்தான் ஹேர்பின் வாங்கிக்கொண்டு வந்தான். காகிதத்தோடு என்னிடம் நீட்டினான். இரண்டு பேருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

முதலில் எனக்குக் குத்தத் தெரியவில்லை. "ஸ்ஸ்… மண்டையிலயே ஏத்தற" என்று கத்துவான். பிறகு பழகிவிட்டது. எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றில் அப்படியே இருக்கிறது. ஆனால் முடிக்குக் கண் தேவையில்லை, விரல் போதும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு, காதுக்குப் பின்னால் முடி வேரிலிருந்து விரலை வைத்து அளப்பேன். இரண்டு விரல்கடை. இரண்டரை. மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பெரும்பாக்கம் போனோம். லீவு நாள் என்பதால் அவன் ஹேர்பின் குத்திக்கொள்ளவில்லை. முடி விரிந்து கழுத்தில் கிடந்தது. நான் வழக்கம்போலக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மச்சாண்டார் அவனை மேலும் கீழும் பார்த்தது அந்த இடுக்கு வழியாகத் தெரிந்தது.

"இன்னாடா நைனா இது? முன்னாடி பாத்தா கிழவன், பின்னாடி பாத்தா கொமரி. யார்னு நெனச்சிக்கினு நான் பேசறது?"

"சும்மா கெடய்யா" என்றார் அக்கா. "புள்ள வந்ததும் வராததுமா."

மகன் மெதுவாக விஷயத்தைச் சொன்னான்.

"இங்க கீறத எட்த்து அங்க நட்றதா? நாத்து மாதிரியா?"

"ஆமா பெரிப்பா."

"மெய்யாலுமா! அப்போ தெனம் தண்ணி காட்டணும். ஆடு மாடு மேயாம பாத்துக்கணும்." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நெடுநேரம் நிற்கவில்லை. அக்கா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மூச்சு வந்ததும் அவர் கேட்டார். "எப்போ?"

"ஆவணில. ஆடி பூரா கடையில தள்ளுபடி, லீவு தர மாட்டான். அதுக்குள்ள முடியும் வளர்ந்துடும்."

அவர் விரல்விட்டு மாதத்தை எண்ணினார். பிறகு, "அப்போ ஆவணி வரைக்கும் நான் கெடக்கணும்" என்றார்.

"அய்யே, இன்னா பெரிப்பா பேசற நீ?"

"இன்னாடா அய்யே? எனக்குக் கொள்ளி நீதான? நடுவுல நான் பூட்டா ஒன் நாத்தெல்லாம் இன்னா ஆவறது?" அக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மே, அந்த மாத்திரய எட்த்தா. முழுங்கறேன்."

"காலீல இருந்து கெஞ்சறேன், பல்லக் கடிச்சிக்கினு கெடந்துச்சு. இப்போ பாரு, புள்ள மசுருக்காவ முழுங்குதாம்!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

மாத்திரையை முழுங்கிவிட்டு, கதவு இருக்கிற திசையைப் பார்க்காமல் அவர் சொன்னார். "தம்பி பொண்டாட்டியாண்ட சொல்லு. ஆவணி வரைக்கும் இழுத்துப் புடிக்கறேன்னு. அதுக்கு மேல நம்மால ஆவாது."

அக்கா அதை எனக்கு மறுபடி சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். நாற்பது வருஷத்தில் அவர் எனக்கென்று சொல்லி அனுப்பியது அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் வாரம் ஒரு முறை கஞ்சி மாவும் பழமும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். திருவான்மியூரில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். பஸ்ஸுக்கு நேரமிருந்தால் மருந்தீசுவரர் கோயிலுக்குப் போவேன். முட்டி வலியோடு பிரகாரம் சுற்றி வந்து சன்னதியில் நிற்கும்போது என்ன கேட்பது என்று தெரியாது. அவருக்கு உயிர் வேண்டும் என்று கேட்பேன். உடனே உள்ளே ஒரு குரல், ஆவணி வரைக்கும், என்று சேர்த்துக்கொள்ளும். சாமி முன்னால் நின்று ஒரு மனுஷனுடைய உயிருக்குக் கெடு வைக்கிறேனே என்று கூசும். திருநீறு வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிடுவேன். அடுத்த வாரமும் அதையேதான் கேட்பேன்.

அவர் உண்மையிலேயே இழுத்துப் பிடித்தார். சாப்பிட முடியாத கஞ்சியைக் குடித்தார். "மூணு வேளை மாத்திரையும் கேட்டுக் கேட்டு வாங்கிப் போட்டுக்குது" என்று அக்கா அதிசயப்பட்டார். "இன்னும் எத்தினி விரக்கட பாக்கின்னு ஒன் புள்ளையக் கேளுங்குது." மூன்றரை வந்துவிட்டது, அரைதான் பாக்கி என்று நான் சொல்லி அனுப்பினேன்.

ஆடியின் கடைசி வாரம். கடையில் தள்ளுபடிக் கூட்டம், மகன் தினமும் குரல் கட்டிப்போய் வருவான். அன்று காலை கடைசி ஹேர்பின்னைக் குத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். மகன் போனைக் காதில் வைத்தபடி தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தான், நான் ஹேர்பின் குத்துகிறேன் என்பதற்காக. போனை வைத்துவிட்டு, "பூட்டாரும்மா" என்றான். நான் அந்த ஹேர்பின்னைக் குத்தி முடித்தேன். அப்போது வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாடியிலிருந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்து இறக்கி, கீழே ஷாமியானா போட்டுக் கிடத்தியிருந்தார்கள். மத்தியானத்துக்குமேல் எடுக்கிற நேரத்தில் பங்காளிப் பெரியவர் ஒருவர் சத்தமாகப் பேச்சை ஆரம்பித்தார். ஆபரேஷன் விஷயம் அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது.

"ஆஸ்பத்திரில எப்டியும் தலைய சரைக்கத்தான் போறான். அத்த இங்கயே சரைச்சிட்டா ஒரே வேலையா பூடும். டாக்டருக்கும் சுளுவு, நமக்கும் முறை கெடாது. இன்னா சொல்றீங்க?"

"கரெக்டுதான்" என்று நாலு பேர் தலையாட்டினார்கள். "நேரமே பாத்து செத்துகீறாரு பெர்சு" என்று ஒருவர் சொல்ல, துக்க வீடு என்பதையும் மறந்து சிரிப்பு வந்தது. முடி நடுகிற ஆபரேஷன் என்றால் மழித்த தலையோடு போகவேண்டும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

ஒரு இளவட்டம் மட்டும், "மாமா, மீசைய மட்டும் எட்த்தா போதும். இப்போ யாரு மொட்டை அடிக்கறா? தலைல நாலு எடத்துல கத்திய வச்சி எட்த்துட்டாங்கன்னா முடிஞ்சிச்சு" என்றான். அதற்கும் சிலர் சரி என்றார்கள்.

நான் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்றிருந்தேன். மழிக்கக் கூடாது, நான்கு விரல்கடை முடி வேண்டும், இவ்வளவு மாதம் வளர்த்தது வீணாகிவிடும் என்று நான் சொல்ல வேண்டும். தூணை விட்டு ஒரு அடி முன்னால் வந்தேன். ஷாமியானாவுக்கு அடியில் அவர் முகம் தெரிந்தது. வாயில் அரிசி போட்டிருந்தார்கள். மாத்திரை முழுங்கிய வாய் அது. சொல்லாமல் தூண் ஓரத்துக்கே திரும்பிவிட்டேன்.

மகன் சொல்லியிருக்கலாம். அவனும் சொல்லவில்லை. தீச்சட்டியை வாங்கிக்கொண்டு நடந்தான். மேளச் சத்தம் முனை திரும்பிப் போகிறவரைக்கும் அவன் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடக்கிக் குத்தியது ஒழுங்காக நின்றிருந்தது.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டைக் கழுவிவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தோம். யாரோ டீ கொடுத்தார்கள், ஆறிப்போயிற்று. முடியோடு வந்தால் நல்லது என்று நினைத்தேன். முடியோடு வந்தால் எப்படி இருக்கும் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்து அலுத்து, எது வந்தாலும் சரி, வந்து சேரட்டும், படுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆண்கள் கூட்டமாக வந்தார்கள். ஈர வேட்டியோடு நடுவில் வந்தது யார் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. மீசை இல்லை. தலை வெள்ளையாக, சின்னதாக, அங்கங்கே ரத்தப் பொட்டோடு இருந்தது. பிளாக் வாசலில் வைத்திருந்த விளக்கைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தான்.

அக்காதான் முதலில் கத்தினார். "இன்னாடா கண்ணு இப்டிப் பண்ணிட்ட! அத்தினி மாத்திரை முழுங்கிச்சேடா அந்த மனுசன்! ஒன் முடிக்காவத்தான முழுங்கிச்சு!" என்று அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். அதுவரைக்கும் அவர் அழவில்லை.

அவன் என்னிடம் வந்து துண்டு முனையில் இருந்த முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஹேர்பின்கள். "ஒண்ணு அங்கேயே எங்கியோ வுழுந்துடுச்சும்மா" என்றான்.

"நாலு எடத்துல வச்சா போதும்னு சொன்னாங்களே நைனா."

"சொன்னாங்க. பார்பரும் அத்தான் கேட்டாரு." துண்டை உதறினான். "அப்பா செத்தப்போ பெரிப்பாதாம்மா மொதல்ல உக்காந்தாரு."

நான் ஹேர்பின்களை என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

காரியம் முடிந்து அவன் கடைக்குப் போனான். கிளினிக்குக்குப் போன் செய்து தேதியை ரத்து செய்தான். நான் பயந்த மாதிரி அவன் முகம் தொங்கிப்போகவில்லை. அந்த நாட்களில் அவன் நன்றாகச் சாப்பிட்டான். கடையில் எல்லோரும், "திருப்பதியா சார், பழனியா?" என்றுதான் கேட்டார்களாம். மொட்டைத் தலையில் எங்கே முடி வரும், எங்கே வராது என்று யாருக்குத் தெரியும்? மழித்துவிட்டால் எல்லாத் தலையும் ஒன்றுதான். மெத்தையில் உட்கார்ந்து தைரியமாகக் குனிந்தான். "ஒரு அம்மா என்னிய தம்பின்னு கூப்ட்டாங்கம்மா" என்று வந்து சொன்னான்.

எனக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது. குழந்தைகளுக்கு மொட்டை அடித்தால் முடி அடர்ந்து வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். இவனுக்கும் முன்பக்கம் வந்துவிட்டால்? அவன் தூங்கி எழுவதற்குமுன் மெதுவாக உள்ளங்கையால் தலையைத் தடவிப் பார்ப்பேன். முதலில் எல்லா இடமும் ஒரே மாதிரி வழுவழுப்பு. சில நாளில் பின்பக்கம் மணல்தாள் மாதிரி சொரசொரத்தது. காதோரம் சொரசொரத்தது. கையை முன்னால் கொண்டுவந்தால் ஒரு இடத்தில் சொரசொரப்பு நின்று வழுக்கிவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று கையை எடுத்துவிடுவேன். நாளைக்கும் அதே இடத்தில்தான் நிற்கும். பிறகு அந்த எல்லை கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தது, புரை எடுக்காத கண்ணுக்குக்கூட. அவனும் கண்ணாடியில் பார்த்திருப்பான். ஒரு நாள் கடையிலிருந்து வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "திரும்பவும் வளக்கணும்மா" என்றான்.

தீபாவளிக் கூட்டம் போனது, பொங்கல் கூட்டம் போனது. முடி மறுபடி காதைத் தாண்டியது, மேனேஜர் மறுபடி கத்தரிக்கோலைக் காட்டினார். மஞ்சள் டப்பாவில் போட்டுவைத்திருந்த ஹேர்பின்களை எடுத்தேன். அக்கா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். நான் குத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க ஒண்ணு தொங்குது பாரு" என்று சொல்வார்.

போன வாரம் தேனாம்பேட்டைக்குப் போய்வந்தோம். டாக்டர் பின்முடியைச் சீப்பால் தூக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு விரல். அடுத்த மாசம் செஞ்சிடலாம்" என்றார். தேதி குறிக்க அதே சிஸ்டர்.

"இந்தத் தடவ வேண்டுதல் எதுவும் இல்லையே சார்?"

"இல்ல சிஸ்டர்."

"வீட்ல வயசானவங்க யாராச்சும் உடம்பு முடியாம…"

மகன் 'இல்ல' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் கண் என்மேல் விழுந்துவிட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தான். சிஸ்டரும் என்னைப் பார்த்தாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. அன்றைக்கு அந்த மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கொள்ளி வைக்க அவன்தான்.

"உங்களுக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. "நல்லாத்தாம்மா கீறேன்" என்றேன். இந்தத் தடவை அவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னேன். அவள் தேதி போட்டுக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து காலையில் அவன் தரையில் உட்கார்ந்து, நான் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு ஹேர்பின்னைப் பல்லில் கவ்விக்கொண்டு சீப்பை எடுத்ததும், திரும்பிப் பார்க்காமல் கேட்கிறான்.

"மாத்திர போட்டியாம்மா?"

முன்பெல்லாம் கேட்டதில்லை. வாயில் ஹேர்பின் இருப்பதால் "ம்" என்று மட்டும் சொல்கிறேன்.